உரித்தல்

‘உரி’ பெயராக நின்றால் தோல், மரப்பட்டை. வினையாக நின்றால் அதைக் களைவது. யானைத்தோல் போர்த்த சிவனைக் ‘கரியுரி போர்த்தவன்’ என்பது பெயர்ப்பொருளில். வெயிலில் தோல் தானே உரியும்; வெங்காயத்தை ஒருவர் உரிப்பார். மேலுறை ஏடாகக் கழன்று வந்தால்தான் உரித்தல். கத்தியால் மெல்ல அரிந்தெடுப்பது சீவுதல். உலக்கையால் உமி போக்குவது குத்துதல். செயலுக்கேற்பச் சொல் மாறும் இந்த நுட்பம் பேணத்தக்கது. இலங்கையின் கறுவாத் தொழிலில் புறப்பட்டையைச் சுரண்டிவிட்டு, மணமுள்ள உட்பட்டையை உரித்தெடுக்கின்றனர். காயும்போது அது சுருண்டுகொள்கிறது.

மருத்துவத்திலும் ஓர் உரித்தல் உண்டு; அதற்கு ‘டீகார்டிகேஷன்’ என்று பெயர். இலத்தீனில் ‘கார்டெக்ஸ்’ என்றால் மரப்பட்டை. நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டி, நாளடைவில் தடித்த நார்ப்படலம் இறுகினால் நுரையீரல் விரிய இயலாது. அப்படலத்தை உரித்தெடுப்பதே இந்த அறுவை. மூளைப் புறணி என்பதிலுள்ள ‘புறணி’ கார்டெக்ஸுக்கு நேரானது என்பதால் ‘புறணி நீக்கம்’ என்று பெயர்க்கத் தோன்றும். ஆனால் இங்கே அகற்றப்படுவது உறுப்பின் புறணி அன்று, நோய் போர்த்திய படலம். ஆகவே ‘படலம் உரித்தல்’ என்பதே பொருத்தமான கலைச்சொல்.