கருக்காக்குறிச்சிப் பொற்காசும் முயிரிக்கோட்டுச் செப்பேடும்

திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளின் உருவம் பொறித்த சிறு செப்புக் காசைப் புதுக்கோட்டைச் சீமை நெடுங்காலம் அம்மன் காசு என்று வழங்கி வந்தது. அக்கோயில் இருக்கும் ஊரிலேயே 1910இல் நிறுவப்பெற்ற அருங்காட்சியகமும் இருக்கின்றது. காசுகளைப் பற்றி எண்ணிப் பார்ப்பதற்கு ஏற்ற ஊர்தான். ஆயினும் இம்மாவட்டத்து மண்ணிலிருந்து வெளிப்பட்டு அறிஞர் உலகின் கவனத்தை ஈர்த்தவை வேறு காசுகள். 1898இல் ஆலங்குடிப் பகுதியைச் சேர்ந்த கருக்காக்குறிச்சியில் கிடைத்த 501 உரோமைப் பொற்காசுகளே அவை.

அகுஸ்து முதல் வெஸ்பாசியான் வரையிலான பேரரசர்களின் முகங்கள் அக்காசுகளில் உள்ளன. பெரும்பாலானவற்றில் அம்முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு காணப்படுகின்றது. திபேரியுவும் அவற்றுள் இருக்கின்றான். வரி செலுத்துவது பற்றி இயேசு பெருமானிடம் வினவியவர்கள் எடுத்துக் காட்டிய வெள்ளிக் காசிலும் அவன் முகமே இருந்திருக்கக் கூடும் என்பர். வரிசையின் இறுதியில் நிற்பவன் வெஸ்பாசியான். யூதேயாவில் எழுந்த கிளர்ச்சியை அடக்க நீரோவினால் அனுப்பப்பட்ட படைத்தலைவன் அவன்; 69இல் பேரரசன் ஆனான். மறு ஆண்டு, 70இல், அவன் மகன் தீத்து எருசலேம் கோவிலைத் தீக்கிரையாக்கினான்.

கோவில் இல்லாத யூத சமயம் எங்ஙனம் பிழைத்தது? பலிபீடம் இருந்த இடத்தில் படிப்பு வந்து அமர்ந்தது. யோகனான் பென் சக்காய் என்னும் ஆசிரியர் யாவ்னே என்ற சிற்றூரில் அறிஞரைக் கூட்டினார். அவர் வழியில் வந்தவர்களின் உரையாடல்கள் ஏறத்தாழ 200ஆம் ஆண்டளவில் மிஷ்னா என்னும் தொகுப்பாயின. பின்னர்த் தல்மூதாக விரிந்தன. கிறிஸ்தவர்களாகிய நாமோ அந்த அழிவை ஒரு மக்களினத்தின் மேல் விழுந்த சாபமாகவே பல நூற்றாண்டுகள் போதித்து வந்தோம். அப்போதனைக்கு இடமில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறியது 1965இல்தான். மிகவும் காலந்தாழ்ந்த சொல் என்றே எனக்குத் தோன்றுகின்றது.

கோவில் அழிந்தபின் தம் முன்னோர் கடல் கடந்து கொடுங்கல்லூரில் வந்திறங்கினர் என்பது கேரள யூதர்களின் மரபுச் செய்தி. கொடுங்கல்லூர் என்பது சங்க நூல்கள் போற்றும் முசிறியை ஒட்டிய பகுதி. வெஸ்பாசியானின் காசு நம் மண்ணில். அவன் படையால் வீடிழந்தோர் மேலைக் கரையில். இரண்டையும் ஒரே நூலில் கோத்துவிட எவருக்கும் ஆசை எழும். ஆனால் உரோமைப் பொன் வணிகத்தினால் வந்தது. அது எந்த யூதருடைய வருகைக்கும் சான்றாகாது. சாலமோனுக்குக் கப்பலில் வந்த மயில்களைக் குறிக்கும் எபிரேயச் சொல் நம் ‘தோகை’யே என்று கால்டுவெல் முதலானோர் கூறியதும் இத்தகையதே, இனிய செய்தி, ஆயினும் ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று.

ஐயமற்ற சான்று தோன்றுவது 849இல். வேணாட்டு அய்யன் அடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்னும் கிறிஸ்தவத் தேவாலயத்திற்கு வழங்கிய செப்பேட்டில் சாட்சிகள் கையொப்பமிட்டுள்ளனர். சிலர் அரபு எழுத்தில். சிலர் பகலவி எழுத்தில். சிலர் பாரசீக மொழியை எபிரேய எழுத்தில். தேவாலயத்தின் உரிமைக்கு யூதர் சாட்சி நின்றிருக்கின்றனர்!

அடுத்தது ஏறத்தாழ 1000ஆம் ஆண்டினது. சேர வேந்தன் பாஸ்கர இரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்தருளி, யோசேப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணமும் 72 உரிமைகளும் அளித்தான். பகல் விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, பறை, காகளம், தோரணம் என அச்சிறப்புகள் நீள்கின்றன. உலகும் சந்திரனும் உள்ளளவும் அவர் வழியினர்க்கு இவை உரியன. ஆவணத்தின் எழுத்து வட்டெழுத்து; மொழியோ தமிழும் மலையாளமும் பிரியாத நிலையில் நிற்பது. யூதர்கள் இதனைக் கி.பி. 379ஆம் ஆண்டினது என்று நம்பி வந்தனர். கல்வெட்டறிஞர்கள் எழுத்தமைதியையும் அரசன் ஆட்சியாண்டையும் கணித்து ஆறு நூற்றாண்டுகளுக்கு மேல் பின்தள்ளினர். பழமை குறைந்தது, நம்பகம் கூடியது.

அஞ்சுவண்ணம் என்ற சொல் நம் கரையிலும் உண்டு. புதுக்கோட்டைக் கடற்கரைக்குத் தெற்கே, தொண்டியை அடுத்த தீர்த்தாண்டதானத்துக் கல்வெட்டில், 13ஆம் நூற்றாண்டில், வணிகக் குழுக்களின் வரிசையில் அது வருகின்றது. உடனே அங்கே யூதர் வாழ்ந்தனர் என்று முடிவு கட்டலாகாது. மேற்காசிய வணிகர் பலரையும், அக்காலத்தில் சிறப்பாக முஸ்லிம்களையும், அப்பெயர் குறித்தது என்பர் ஆய்வாளர்.

சான்றுகள் இத்துணை அரிதாய் இருப்பதற்கு ஒரு காரணத்தை நாம் கூசாமல் கூற வேண்டும். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த பரதேசித் தொழுகைக்கூடத்தை, டச்சுக்காரர்களுக்கு யூதர் துணை நின்றனர் என்ற சினத்தால் 1662இல் போர்த்துக்கீசியர் எரித்தனர். ஆலயம் டச்சுக்காரர் காலத்தில் புதுப்பிக்கப்பட்டது. எரிந்த ஏடுகள் மீளவில்லை. தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் யூதர் கையொப்பமிட்டு அப்போது 813 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கொச்சி இழந்ததில் ஒரு பங்கைக் கெய்ரோ காத்து வைத்தது எனலாம். இறைவனின் திருப்பெயர் எழுதப்பெற்ற தாளை அழிக்கலாகாது என்பது யூத வழக்கம். பழந்தாள்களை ஓர் அறையில் இட்டு வைப்பர். கெனிசா என்பது அதன் பெயர். பழைய கெய்ரோவின் தொழுகைக்கூடத்து அறையிலிருந்து சாலமோன் ஷெக்டர் 1896-97இல் பெருந்தொகையான ஏடுகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டு சென்றார். கெனிசா ஏடுகளுள் இந்திய வணிகம் பற்றிய கடிதங்களைத் தேடித் தொகுப்பதில் கோய்ட்டைன் என்ற அறிஞர் பல பத்தாண்டுகள் உழைத்தார். 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வெண்கலப் பட்டறை நடத்திய ஆபிரகாம் பென் யிஜு என்னும் யூத வணிகரை அவ்வேடுகளில் காண்கிறோம். மிளகு, பாக்கு, பழம்பாத்திரம், கடன் என்று அன்றாடக் கணக்குகள்! கோய்ட்டைன் 1985இல் மறைந்தார். அத்தொகுதி பிரீட்மனின் உழைப்பால் 2008இல் அச்சேறியது.

1948இல் இஸ்ரயேல் நாடு அமைந்தபின் கொச்சி யூதருள் பெரும்பாலோர் அங்குக் குடியேறினர். மட்டாஞ்சேரியில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே எஞ்சினர். செப்பேடு அவ்வூரைச் சேர்ந்ததாகவே இருக்கின்றது. வட்டெழுத்துப் பயின்ற தமிழர் ஒருவர் இரப்பானின் பெயரை அதில் எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம்.