கடல் தாண்டாத வரிவிலக்கு

லண்டன், டொரண்டோ, டல்லாஸ்னு குடியேறின நம்ம கொங்குப் பசங்க கிட்ட இப்பெல்லாம் ரெண்டு வார்த்தை அடிக்கடி அடிபடுதுங்க. ஒண்ணு இண்டெக்ஸ் ஃபண்ட், இன்னொண்ணு வரியில்லாக் கணக்கு. ரெண்டும் நல்ல சரக்குதான். ஆனா எங்கிருந்து வந்துச்சு, ஊர் திரும்பினா என்னாகும்னு பேசறவங்க கம்மி. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

முதல்ல நம்மூர்க் கதை. 1888ல ஸ்டேன்ஸ் துரை மில் போட்டார். 1930கள்ல பைக்காரா கரண்ட் வந்ததும் மில்லுங்க பெருகுச்சு. 1991ல கோயமுத்தூருக்குன்னே தனி பங்குச்சந்தை வந்துச்சு. திருச்சி ரோட்டுல சொந்தக் கட்டிடமும் எழும்புச்சு. ஆனா 1994ல என்.எஸ்.இ. கம்ப்யூட்டர் திரையில வியாபாரத்தை ஆரம்பிக்க, மும்பைச் சந்தை நம்ம வீதிக்கே வந்துடுச்சு. ஊர்ச் சந்தைக்கு வேலையில்லை. 2013ல செபி உத்தரவோட கதை முடிஞ்சுது.

ஆனா காசு சும்மா இருக்குமா? நிலம், நகை, சீட்டு, வட்டின்னு போச்சு. அதுக்கும் மேல ஆசை காட்டினவங்க கிட்டயும் போச்சு. 2009ல திருப்பூர் பாசி ஃபாரெக்ஸ் (2022ல கோவை கோர்ட் 27 வருஷம் தண்டனை குடுத்தது இந்தக் கேஸ்லதான்), 2012ல பெருந்துறை ஈமு. ரெண்டுலயும் தூண்டில்ல மாட்டின புழு ஒண்ணுதான்: "வருமானம் நிச்சயமுங்க".

இண்டெக்ஸ் ஃபண்ட் இதுக்கு நேர் எதிர். நிச்சயம்னு ஒண்ணும் சொல்லாது. சந்தை ஏறினா ஏறும், இறங்கினா இறங்கும், செலவு மட்டும் கம்மி. 1976ல அமெரிக்காவுல ஜான் போகிள் இதை ஆரம்பிச்சப்ப 15 கோடி டாலர் எதிர்பார்த்தாங்க, வந்தது 1.13 கோடிதான். 'போகிளின் முட்டாள்தனம்'னு சிரிச்சாங்க :-) நம்ம நாட்டுல 1998ல யூ.டி.ஐ. மாஸ்டர் இண்டெக்ஸ், 2002ல நிஃப்டி பீஸ்னு மெதுவா வந்து சேர்ந்துச்சு.

வரியில்லாக் கணக்கும் இதே காலத்துப் பிள்ளைதான். அமெரிக்காவுல 1998ல ராத் ஐ.ஆர்.ஏ., பிரிட்டன்ல 1999ல ஐ.எஸ்.ஏ., கனடாவுல 2009ல டி.எஃப்.எஸ்.ஏ. வரி கட்டின காசைப் போடு, வளர்ந்ததுக்கு வரி கேக்க மாட்டோம்னு அந்தந்த அரசாங்கம் குடுத்த வாக்கு.

சூட்சுமம் அங்கதாங்க இருக்கு. வாக்குக் குடுத்தது அந்த அரசாங்கம். நம்ம வருமான வரித்துறை இல்லை. இந்தியாவுல முழு ரெசிடெண்ட் ஆயிட்டா உலகத்துல எங்க சம்பாதிச்சாலும் இங்க வரி உண்டு. 2021 பட்ஜெட்ல வெளிநாட்டு ஓய்வுக்காலக் கணக்குகளுக்கு ஒரு சலுகை குடுத்தாங்க. ஆனா அது அங்க பணம் எடுக்கறப்ப வரி போடற கணக்குக்கு மட்டும். எடுக்கறப்பவும் வரியில்லாத ஐ.எஸ்.ஏ., டி.எஃப்.எஸ்.ஏ. அந்த அச்சுக்குள்ள வராது. போதாக்குறைக்கு, கனடாவை விட்டு வந்தப்புறமும் டி.எஃப்.எஸ்.ஏ.ல காசு போட்டா மாசம் 1% தண்டம்.

இந்தப் பக்கமும் அதே நியாயம்தான். என்.ஆர்.இ. வட்டிக்கு இந்தியாவுல வரியில்லை, அமெரிக்காவுல உண்டு. டல்லாஸ்ல உக்காந்துக்கிட்டு நம்மூர் மியூச்சுவல் ஃபண்டுல எஸ்.ஐ.பி. போட்டா, 1986ல வந்த பி.எஃப்.ஐ.சி. சட்டம் லாபத்தைக் கடிச்சுத் துப்பிடும்.

ஒரு சந்து இருக்கு. பல வருஷம் வெளிய இருந்துட்டுத் திரும்பறவங்களுக்குப் பொதுவா ரெண்டு, மூணு வருஷம் ஆர்.என்.ஓ.ஆர். நிலை கிடைக்கும். அப்ப வெளிநாட்டு முதலீட்டு லாபத்துக்கு இங்க வரியில்லை. அந்த நேரத்துல ஐ.எஸ்.ஏ. யூனிட்டை வித்து, காசை முதல்ல அங்கத்த பேங்க்லயே வாங்கிட்டு, அப்புறமா ஊருக்கு அனுப்பினா ரெண்டு பக்கமும் வரி இருக்காது. நேரா இங்க வரவு வெச்சா சிக்கல். அந்த வருஷங்களைத் தூங்கிக் கழிச்சுட்டா, மொத்த லாபமும் இங்கத்த வரிக்கு வந்து நிக்கும்.

அதனால மக்களே, ஃபிளைட் டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே ரெண்டு நாட்டுச் சட்டமும் தெரிஞ்ச ஆடிட்டரைப் பாத்துருங்க. இருபது வருஷம் குளிர்ல நின்னு சேத்த காசு!