மன்ஸ்டர் ரக்பி

மன்ஸ்டர், அயர்லாந்தின் நான்கு மாகாணங்களில் தென்மேற்கே உள்ளது. கார்க், கெரி, லிமரிக், கிளேர், டிப்பரேரி, வாட்டர்ஃபோர்டு ஆகிய 6 மாவட்டங்கள் அதில் அடங்கும். இம்மாகாணத்தின் ரக்பி யூனியன் ஆட்டத்தை நிர்வகிக்கும் அமைப்பும், மாகாணத்தின் பெயரில் களமிறங்கும் அணியும் ‘மன்ஸ்டர் ரக்பி’ என்றே அழைக்கப்படுகின்றன. அமைப்பு 1879-ல் தோன்றியது. முதல் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மாகாண அணி ஆண்டுக்குச் சில நாள்கள் மட்டுமே கூடிக் கலைந்தது. ஆட்டத்தை உயிரோடு வைத்திருந்தவை உள்ளூர் கிளப்புகளே.

அயர்லாந்தில் தொடக்கத்தில் இரண்டு ரக்பி சங்கங்கள் இருந்தன. 1874-ல் டப்ளினில் ஒன்றும், அடுத்த ஆண்டு பெல்ஃபாஸ்ட்டில் மற்றொன்றும் உருவாயின. 1879-ல் அவை இணைந்து ஐரிஷ் ரக்பி கால்பந்து யூனியன் ஆனபோது லென்ஸ்டர், அல்ஸ்டர், மன்ஸ்டர் என மூன்று மாகாணக் கிளைகள் வகுக்கப்பட்டன. கொனாக்ட் கிளை சில ஆண்டுகள் கழித்தே வந்து சேர்ந்தது. கிளப்புகளுக்கிடையே போட்டி நடத்துவதும், மாகாண அணிக்கு ஆள் தேர்ந்தெடுப்பதும்தான் மன்ஸ்டர் கிளையின் பணிகள். 1886-ல் அது தொடங்கிய மன்ஸ்டர் சீனியர் கோப்பை இன்றும் நடக்கிறது. முதல் கோப்பையை வென்றது கார்க் மாவட்டத்துச் சிற்றூரான பாண்டனின் அணி. பிறகு கோப்பை பெரும்பாலும் இரண்டு நகரங்களுக்குள்ளேயே சுற்றிவந்தது.

லிமரிக், கார்க் என்ற அந்த இரண்டு நகரங்களின் ரக்பிக்கும் குணம் வேறு. கார்க்கில் அது பள்ளி, கல்லூரி, வணிகக் குடும்பங்களின் ஆட்டம். அங்கே புகழ்பெற்ற கார்க் கான்ஸ்டிடியூஷன் கிளப்பை 1892-ல் தொடங்கியவர்கள் அதே பெயருடைய நாளிதழின் ஊழியர்கள். நாளிதழ் நின்று நெடுங்காலமாகிவிட்டது, கிளப் நிற்கவில்லை. டால்ஃபின், சண்டேஸ் வெல், பல்கலைக்கழகக் கல்லூரி அணி ஆகியவை அந்நகரின் மற்ற பழைய பெயர்கள்.

லிமரிக்கில் ரக்பி தெருவுக்கு இறங்கியது. அயர்லாந்தின் பிற பகுதிகளில் மேல்தட்டு, நடுத்தர வர்க்கத்தினரின் ஆட்டமாகவே இருந்த ரக்பியைத் துறைமுகத் தொழிலாளியும் கைவினைஞரும் தமதாக்கிக்கொண்டது இந்நகரில்தான். சனிக்கிழமையும் வேலைக்குப் போகவேண்டியவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்கள் வந்தன. ஒவ்வொரு தேவாலய வட்டாரமும் தனக்கென ஒரு அணியை வைத்துக்கொண்டது. கேரியோவன், ஷானன் ஆகிய இரண்டும் 1884-ல் தோன்றியவை. யங் மன்ஸ்டர் 1895-ல் வந்தது. ஒரே ஊருக்குள் இருக்கும் இம்மூன்றுக்கும் இடையிலான பகை, வெளியூர் அணிகளோடு உள்ள பகையைவிடக் கூர்மையானது. சீனியர் கோப்பையை அதிக முறை வென்ற கேரியோவன், பந்தை வானளாவ உதைத்துவிட்டு அது இறங்கும் இடத்துக்கு எல்லோரும் பாய்ந்து ஓடும் உத்திக்குப் பெயர்போனது. அந்த உதைக்கு உலகெங்கும் ரக்பி மொழியில் ‘கேரியோவன்’ என்றே பெயர். யங் மன்ஸ்டரின் பெரும் பெருமை 1928-ஐச் சேர்ந்தது. நான்கு மாகாணக் கோப்பை வெற்றியாளர்கள் மோதிய பேட்மன் கோப்பையில், டப்ளினின் லான்ஸ்டௌன் அணியை அந்த ஆண்டு அது வீழ்த்தியது.

ஐரிஷ் தேசிய விளையாட்டுகளை வளர்த்த கேலிக் தடகளச் சங்கம் ரக்பியை அந்நிய ஆட்டமாகவே கருதியது. அதை ஆடியவர்களுக்கும், பார்க்கப் போனவர்களுக்கும்கூடச் சங்கத்தில் இடமில்லை என்ற தடை 1971 வரை நீடித்தது. ஹர்லிங்கும் கேலிக் கால்பந்தும் செழித்த மன்ஸ்டர் கிராமங்களில் ரக்பி வேர்விடாமல் இரண்டு நகரங்களோடு ஒடுங்கியதற்கு இத்தடையும் ஒரு காரணம்.

மாகாண அணி மக்களின் கண்ணில் பட்டது வெளிநாட்டு அணிகள் சுற்றுப்பயணம் வந்தபோதுதான். 1905-ல் லிமரிக் மார்க்கெட்ஸ் ஃபீல்டில் மன்ஸ்டரை நியூசிலாந்து 33-0 என்று நசுக்கியது. 1967-ல் கார்க்கின் மஸ்கிரேவ் பார்க்கில் ஆஸ்திரேலியாவை 11-8 என்று வென்றபோது, பெரிய சுற்றுப்பயண அணி ஒன்றை வீழ்த்திய முதல் ஐரிஷ் மாகாணம் ஆனது மன்ஸ்டர். 1973-ல் நியூசிலாந்தோடு 3-3 என்று சமன் செய்தது.

இவற்றையெல்லாம் மறக்கடித்தது 1978 அக்டோபர் 31. லிமரிக்கின் தோமண்ட் பார்க்கில் கிரகாம் மௌரி தலைமையிலான நியூசிலாந்தை மன்ஸ்டர் 12-0 என்று வென்றது. பயிற்சியாளர் டாம் கீர்னன், தலைவர் டோனல் கனிஃப். கிறிஸ்டி கான்டிலன் எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தை நிலத்தில் பதித்து ஒரு ட்ரை அடித்தார். மீதிப் புள்ளிகள் எல்லாம் டோனி வார்டின் காலிலிருந்து வந்தவை. ஆனால் நேரில் பார்த்தவர்கள் முதலில் சொல்வது, ஸ்டூ வில்சனைத் தொடக்கத்திலேயே சாய்த்த ஷேமஸ் டெனிசனின் டேக்கிளைத்தான். வானொலியில் வர்ணனையைக் கேட்டுக்கொண்டிருந்த கனிஃபின் தந்தை அந்த நேரத்திலேயே மயங்கி விழுந்து இறந்தார். மகனுக்கு ஆட்டம் முடிந்த பிறகே தெரிந்தது. நான்கு தேசிய அணிகளையும் வென்று திரும்பிய நியூசிலாந்து, அந்தச் சுற்றுப்பயணத்தின் 18 ஆட்டங்களில் தோற்றது இந்த ஒன்றில் மட்டுமே. அன்று அரங்கில் இருந்தவர்கள் சுமார் 12,000 பேர். இருந்ததாகப் பிற்காலத்தில் சொல்லிக்கொண்டவர்களைக் கொள்ள இன்னும் பல அரங்குகள் வேண்டும். தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு இல்லாததால் கதை வாய்மொழியாகவே வளர்ந்தது. ஜான் பிரீன் 1999-ல் அதை நாடகமாக்கினார்.

1990-91 பருவத்தில் நாடு தழுவிய கிளப் போட்டியாக அகில அயர்லாந்து லீக் தொடங்கியது. முதல் பட்டம் கார்க் கான்ஸ்டிடியூஷனுக்கு. அடுத்தடுத்து கேரியோவன், யங் மன்ஸ்டர், மீண்டும் கேரியோவன். பின் 1995 முதல் 1998 வரை தொடர்ந்து நான்கு முறை ஷானன். 1999-ல் கார்க் கான்ஸ்டிடியூஷன் மறுபடி வென்றதோடு முதல் ஒன்பது பட்டங்களும் மன்ஸ்டரைவிட்டு வெளியே போகவில்லை. கிளப் ரக்பியின் பொற்காலம் இதுவே. அதன் முடிவும் இதே ஆண்டுகளுக்குள்தான் இருந்தது.

1995 ஆகஸ்டில் ரக்பி யூனியன் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் அனுமதிக்கப்பட்டது. அயர்லாந்து யூனியன் ஒப்பந்தங்களைத் தன் கையில் வைத்துக்கொண்டு, தொழில்முறை ஆட்டத்தை மாகாணங்களின் வழியே நடத்தியது. இங்கிலாந்தைப் போலக் கிளப்புகளே முதலாளிகளாகும் வாய்ப்பு அதோடு அடைபட்டது. ஷானன் தந்த ஆண்டனி ஃபோலி, யங் மன்ஸ்டர் தந்த பால் ஓ’கானல், கார்க் கான்ஸ்டிடியூஷன் தந்த ரோனன் ஓ’காரா ஆகியோர் இனி முழுநேரமும் மாகாணத்தின் சிவப்புச் சட்டைக்கே உரியவர்கள்.

ஐரோப்பிய கிளப் போட்டியான ஹைனிகன் கோப்பையின் இறுதியாட்டத்தில் மன்ஸ்டர் 2000-ல் நார்தாம்ப்டனிடம் 9-8 என்றும், 2002-ல் லெஸ்டரிடம் 15-9 என்றும் தோற்றது. 2003 ஜனவரியில் காலிறுதிக்குப் போக குளோஸ்டரை நான்கு ட்ரைகளோடு 27 புள்ளி வித்தியாசத்தில் வெல்லவேண்டியிருந்தது. கடைசி நிமிடங்களில் ஜான் கெல்லியின் ட்ரையும் ஓ’காராவின் உதையும் கணக்கைத் துல்லியமாக முடித்தன: 33-6. டெக்லன் கிட்னியின் பயிற்சியில் 2006-ல் பியாரிட்ஸை 23-19 என்றும், 2008-ல் துலூஸை 16-13 என்றும் வென்று கோப்பை இருமுறை வந்தது. 1995 முதல் 2007 வரை இப்போட்டியில் சொந்த மண்ணில் மன்ஸ்டர் தோற்றதே இல்லை. அந்தத் தொடரை முறித்ததும் லெஸ்டர்தான்.

2008-ல் தோமண்ட் பார்க் 25,000-க்கும் மேற்பட்டோரைக் கொள்ளும்படி மாற்றிக் கட்டப்பட்டு, நியூசிலாந்துடனான ஆட்டத்தோடு முறைப்படி மீண்டும் திறக்கப்பட்டது. மன்ஸ்டர் அணியிலிருந்த நான்கு நியூசிலாந்துக்காரர்கள் தங்கள் நாட்டணிக்கு எதிரே நின்று ஹாக்கா நடனம் ஆடினார்கள். ஆட்டம் கடைசி நிமிடங்களில் 18-16 என்று கைநழுவியது. தலைமைப் பயிற்சியாளராகியிருந்த ஃபோலி 2016 அக்டோபரில் பாரிஸில், ஆட்டத்துக்கு முந்தைய இரவில் உறக்கத்திலேயே காலமானார். அடுத்த ஆட்டத்தில் அவருடைய 8-ஆம் எண் சட்டையை யாரும் அணியவில்லை. கெல்டிக் லீக்கை 2003, 2009, 2011-ல் வென்ற அணி, அதன் வாரிசான ஐக்கிய ரக்பி சாம்பியன்ஷிப்பை 2023 மே மாதம் கேப் டவுனில் ஸ்டோர்மர்ஸை 19-14 என்று வீழ்த்திக் கைப்பற்றியது. அதற்குச் சில மாதங்கள் முன், ஒருகாலத்தில் ரக்பியை விலக்கிய கேலிக் சங்கத்தின் கார்க் அரங்கிலேயே தென்னாப்பிரிக்கா ‘ஏ’ அணியை வென்றது. பார்வையாளர்கள் 40,000-ஐத் தாண்டினர்.

அகில அயர்லாந்து லீக் இப்போது சம்பளமில்லாத ஆட்டக்காரர்களின் போட்டி. கார்க் கான்ஸ்டிடியூஷன் 2017, 2019, 2024 ஆண்டுகளில் அதை வென்றது. ஒப்பந்தத்தில் உள்ள மாகாண ஆட்டக்காரர்கள் தங்கள் கிளப்புக்கு ஆடுவது அரிது. ஆயினும் மன்ஸ்டர் அணிப் பட்டியல் வெளியாகும்போது ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் அவரது கிளப்பின் பெயரும் அச்சாகிறது.