லெட் பெல்லியின் கோட்டும் சிறை உடுப்பும்

'மரபு' என்ற சொல்லை நாங்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஏதோ காட்டில் தானாக முளைச்சு நிக்கிற மரம் மாதிரி. ஆனால் எந்தப் பாட்டு நாட்டார் பாட்டு, எது இல்லை என்று யாரோ ஒருவர் முடிவெடுக்கத்தானே வேணும்? அமெரிக்காவில் அந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பதற்கு ஒரு பாட்டுக்காரரின் கதை போதும்.

1933 கோடை. ஜோன் லோமக்ஸ் என்ற சேகரிப்பாளர் தன் 18 வயது மகன் அலனோடு தென் மாநிலங்களுக்குப் புறப்படுகிறார். காரில் 300 இறாத்தலுக்கு மேல் நிறையுள்ள ஒலிப்பதிவு இயந்திரம். காங்கிரஸ் நூலகத்துக்காகக் கறுப்பின மக்களின் பழைய பாட்டுகளைப் பதிய வேண்டும். அதுக்கு அவர் தேடிப்போன இடங்கள் சிறைச்சாலைகள். ரேடியோவும் இசைத்தட்டும் வந்து பழைய பாட்டுகளைக் கெடுத்துப்போட்டுது, அவை எட்டாத இடத்தில்தான் 'கலப்பில்லாத' பாட்டு மிஞ்சியிருக்கும் என்பது அவருடைய கணக்கு.

லூசியானாவின் அங்கோலா சிறையில் அவர்கள் ஹடி லெட்பெட்டரைச் சந்தித்தார்கள். உலகம் அறிந்த பெயர் லெட் பெல்லி. கையில் 12 தந்திக் கிற்றார், தலைக்குள் நூற்றுக்கணக்கான பாட்டுகள். ஆனால் அவர் உலகம் தெரியாத ஆள் இல்லை. சிறைக்குப் போக முதல் டலஸ் நகரத்துத் தெருக்களில் பிளைன்ட் லெமன் ஜெபர்சனோடு சேர்ந்து வாசித்தவர். காதில் விழுந்த எதையும் தன் பாட்டாக்கிக்கொள்கிறவர்.

1934இல் அவர் விடுதலையானார். ஆளுநருக்கு அவர் பாடிய மன்னிப்புப் பாட்டுத்தான் கதவைத் திறந்தது என்று பத்திரிகைகள் எழுதின. நன்னடத்தைக்காகத் தண்டனையைக் குறைக்கிற வழமையான சட்டத்தின்படியே விட்டோம் என்றது சிறை நிர்வாகம். ஆனால் முதற்கதைதானே விலைபோகும்!

பிறகு லோமக்ஸின் கார்ச் சாரதியாகவும் பாட்டுக்காரராகவும் அவர் வடக்கே போனார். நல்ல கோட் சூட் போட விரும்பியவரை, 1935இல் எடுத்த ஒரு செய்திப்படத்தில் சிறை உடுப்போடு நடிக்க வைத்தார்கள். ஜீன் ஓட்ரியின் கௌபோய் பாட்டுகள் அவருக்கு நல்ல விருப்பம். லோமக்ஸுக்கோ அதெல்லாம் பிடிக்காது, பழசுதான் வேணும். காசிலும் தகராறு வந்தது. அதே ஆண்டில் இருவரும் பிரிந்தார்கள்.

இனி 'குட்நைட் ஐரீன்' பாட்டுக்கு வருவோம். லெட் பெல்லி அதைத் தன் மாமனிடம் படித்ததாகச் சொன்னார். இதைவிட மரபு வேறென்ன வேணும்? ஆனால் அதன் மூலம் 1886இல் கசி டேவிஸ் என்ற கறுப்பினப் பாடலாசிரியர் அச்சில் வெளியிட்ட பாட்டு என்று கருதப்படுகிறது. கடையில் விற்ற பாட்டு வாய்க்குள் போய், வடிவம் மாறி, நாட்டார் பாட்டாக வெளியே வந்திருக்கிறது. 1949 டிசம்பரில் லெட் பெல்லி இறந்தார். 1950இல் வீவர்ஸ் குழு பாடிய அதே பாட்டு 13 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. உரிமையில் அவருடைய பெயருக்குப் பக்கத்தில் ஜோன் லோமக்ஸின் பெயரும் இருந்தது.

லோமக்ஸைத் திட்டிவிட்டுப் போவது லேசு. அவர் போகாவிட்டால் அந்தக் குரல் எங்களுக்குக் கேட்டிருக்குமோ தெரியாது. எங்களுக்கு உறுத்துவது வேறொன்று. அங்கோலா ஒரு காலத்தில் அடிமைகள் உழைத்த தோட்டம். பிறகு அதே மண்ணில் கைதிகள் துவக்குக் காவலின் கீழ் உழைத்தார்கள். லோமக்ஸ் தேடிய 'கலப்பின்மை' இயற்கையாக வந்ததில்லை. நிறவெறிச் சட்டமும் சிறை வேலியும் சேர்ந்து உண்டாக்கியது. பாட்டு மாறாமல் இருந்ததென்றால், பாடினவரை வெளியே போக விடவில்லை என்றும் அதுக்கு அர்த்தம்.

ஆகவே 'மாறாத மரபு' என்று ஆராவது பெருமையாகச் சொன்னால் நாங்கள் இரண்டு கேள்வி கேட்கலாம். மாற விடாமல் பிடிச்சு வைச்சது ஆர்? அந்தப் பாட்டுக்காரருக்கு வேற என்ன பாட ஆசை இருந்தது?