வாட்பிடியும் கடல்கடந்த வளைவும்

குருக்கள்மடத்துக்கு வடக்கே, புளியந்தீவில், போர்த்துக்கேயர் 1628இல் கோட்டை எழுப்பினர். 1638இல் ஒல்லாந்தரும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனும் அதனைக் கைப்பற்றினர். இவ்வாறு எதிர்நின்றோர் ஏந்திய வாள்களின் பிடியை நாம் ஒப்புநோக்குதல் தகும். இடைக்கால ஐரோப்பிய வாட்பிடி சிலுவை வடிவினது. 15ஆம் நூற்றாண்டளவில் சுட்டுவிரல் காக்கும் வளையம் அதிற் சேர்ந்தது. பின்னர் கைமுட்டிக்கும் வளைவுக்காப்பு அமைந்தது. சிங்களப் பிரதானிகளின் கஸ்தானே வாளிலும் இவ்விரண்டின் சாயலும் உண்டு; ஆயின் முனைதோறும் மகரத் தலைகள்! அலகை நோக்கி வளைந்த கிளைகளோ பெரும்பாலும் விரல் நுழையாச் சிறுமையின. பயன் நீங்கி அணியே எஞ்சிற்று எனலாம். எனவே இதனை முற்றும் உள்நாட்டு வடிவம் என்பாரோடும், போர்த்துக்கேயர் கொடை என்பாரோடும் நாம் உடன்படோம். இலங்கைத் தேசியக்கொடியின் சிங்கம் ஏந்துவதும் இவ்வாளே.