தேங்காய்ப்பாலும் கரும்பு மதுவும்

பண்டிகை நாளில் ஒரு நாட்டு மக்கள் விருந்தினர்க்கு வழங்கும் பானம் எதுவென்று ஆராய்ந்தால், அம்மக்கள் வந்த வழியும் பட்ட பாடும் ஓரளவு புலனாகும். கரீபியக் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவுகளான குவாதலூப்பிலும் மர்த்தினிக்கிலும் கிறிஸ்துமஸ் காலத்தில் வீடுதோறும் ஒரு பானம் செய்வர். தேங்காய்ப்பால், சர்க்கரை சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய பால், கரும்பிலிருந்து வடித்த ரம் என்னும் மது, இலவங்கப்பட்டை, சாதிக்காய் ஆகியவற்றைக் கலந்து, குளிரவைத்துச் சிறு கிண்ணங்களில் ஊற்றித் தருவர். அதற்குப் ‘பஞ்ச் கொக்கோ’ என்று பெயர். அண்டைத் தீவான போர்த்தோ ரிக்கோவில் இதனை ஒத்த பானம் ‘கொக்கீத்தோ’ எனப்படும். ‘சின்னஞ்சிறு தேங்காய்’ என்பது அச்சொல்லின் பொருள்.

பெங்களூரை அடுத்த ஹெப்பகோடியில் வாழும் தமிழருக்கும், எங்கோ மேற்குக் கடலில் உள்ள இந்தப் பானத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு, அது தேங்காயிலிருந்தே தொடங்குகிறது.

கொலம்பஸ் சென்ற காலத்தில் கரீபியத் தீவுகளில் தென்னை இல்லை. இந்துமாக்கடற் கரைகளிலிருந்து போர்ச்சுகீசியர் தேங்காய்களை எடுத்துச் சென்று, ஆப்பிரிக்காவுக்கு மேற்கே உள்ள வெர்தே முனைத் தீவுகளில் நட்டனர். அங்கிருந்து 1549ஆம் ஆண்டில் தியேகோ லொரேன்சோ என்ற பாதிரியார் போர்த்தோ ரிக்கோவுக்குத் தென்னையைக் கொண்டு சேர்த்தார். உலகெங்கும் உள்ள தென்னைகளின் மரபணுக்களை ஒப்பிட்டு 2011இல் வெளியான ஓர் ஆராய்ச்சியும் இதனை உறுதி செய்தது. தென்னிந்தியா, இலங்கை, மாலத்தீவு, இலட்சத்தீவு ஆகியவற்றைச் சார்ந்த தென்னை இனமே அட்லாண்டிக் கரைகளுக்குப் பரவியது என்று அது காட்டிற்று. ஆகவே அத்தீவுகளின் தேங்காய், நம் வீட்டுத் தேங்காய்க்குத் தாயாதி முறை ஆகும்.

பானத்தின் மற்றப் பொருள்களும் வந்தேறிகளே. இலவங்கப்பட்டை இலங்கைக்கு உரியது. சாதிக்காய் இந்தோனேசியாவின் பண்டாத் தீவுகளுக்கு உரியது. கரும்பு நியூ கினியில் தோன்றியது. அதன் சாற்றைக் காய்ச்சிக் கட்டிச் சர்க்கரையாக்கும் கலை இந்தியாவில் வளர்ந்தது. ‘சர்க்கரா’ என்ற வடசொல்லே பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குள் புகுந்தது. கொலம்பஸ் தமது இரண்டாம் பயணத்தில், 1493இல், கரும்பைக் கரீபியத்துக்குக் கொண்டுபோனார்.

கரும்பு சென்ற இடமெல்லாம் அடிமைத்தனமும் சென்றது. வெட்டிய கரும்பை விரைவில் ஆலையில் இட்டுப் பிழியாவிட்டால் சாறு கெட்டுவிடும். எனவே அறுவடைக் காலத்தில் இரவு பகலாக வேலை நடந்தாக வேண்டும். அவ்வேலைக்கு ஆப்பிரிக்க மக்கள் இலட்சக்கணக்கில் விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டனர். சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் பாகைப் புளிக்கவைத்து வடிக்கும் ரம், 17ஆம் நூற்றாண்டில் அத்தீவுகளில் பெருந்தொழிலாயிற்று. பிற்காலத்தில் ஐரோப்பியப் பீட்ரூட் சர்க்கரையின் போட்டியால் கரும்புச் சர்க்கரை விலை வீழ்ந்தபோது, பிரெஞ்சுத் தீவினர் கரும்புச்சாற்றையே நேரே புளிக்கவைத்து வடிக்கும் முறையைப் பெருக்கினர். இன்றும் அத்தீவுகளின் சிறப்பு அந்தச் சாற்று ரம்மே.

1848இல் பிரான்சு தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்றோர் பலர் பழைய பண்ணைகளில் உழைக்க விரும்பவில்லை. பண்ணை முதலாளிகள் வேறு கைகளைத் தேடினர். பிரான்சின் ஆளுகையில் இருந்த புதுச்சேரியும் காரைக்காலும் அவர்கள் கண்ணிற் பட்டன. ஐந்தாண்டு ஒப்பந்தம் என்று சொல்லி ஆள் சேர்த்தனர். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஏறத்தாழ மூன்று மாதக் கடற்பயணம். ‘ஒரேலி’ என்னும் கப்பல் 1853 மே மாதத்தில் மர்த்தினிக்கை அடைந்தது. அதே கப்பல் மறு ஆண்டு, 1854 டிசம்பர் 24ஆம் நாள், முந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியரைக் குவாதலூப்பின் புவாந்த்-அ-பித்ர் துறைமுகத்தில் இறக்கியது. ஊர் கிறிஸ்துமஸ் விழாவுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த நாளில், அத்தீவில் தமிழர் முதன்முதலாகக் காலடி வைத்தனர்.

1889 வரை ஏறத்தாழ 42,000 இந்தியர் குவாதலூப்பிற்கும், ஏறத்தாழ 25,000 பேர் மர்த்தினிக்கிற்கும் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் தமிழர் மிகுதி. நோயாலும் கடும் உழைப்பாலும் மாண்டோர் பலர். ஊர் திரும்பியோர் சிறுபான்மையர். எஞ்சியோர் அங்கேயே வேரூன்றினர். குழம்பு என்னும் நம் சொல் ‘கொலம்போ’ என உருமாறி, அத்தீவுகளின் பொது உணவுக்கே பெயராயிற்று. மாரியம்மன் ‘மாலியெமன்’ என்ற பெயரில் வழிபாடு பெறுகிறாள். மொழி மறைந்தபோதும் அடுப்படியும் கோயிலும் மறையவில்லை.

இவ்வளவும் கலந்ததே அந்த வெண்ணிறப் பானம். அதனை ஹெப்பகோடியில் செய்வதும் எளிதே. ஆனேக்கல் வட்டத்தில், ஓசூர்ச் சாலையோரம், பொம்மசந்திரத் தொழிற்பேட்டையை ஒட்டி அமைந்துள்ள இவ்வூருக்கு 2025 ஆகஸ்டு முதல் மெட்ரோ இரயிலும் வந்துவிட்டது. தமிழ்நாட்டு எல்லையோ சிறிது தூரத்தில் உள்ளது. முற்றிய தேங்காய் இரண்டைத் துருவி, வெந்நீர் தெளித்து அரைத்துப் பிழிந்து, அரை லிட்டர் கெட்டிப்பால் எடுக்க வேண்டும். பட்டையும் எலுமிச்சைத் தோலும் இட்டு இளஞ்சூட்டில் வைக்க வேண்டும். கொதிக்கவிட்டால் பால் திரிந்து எண்ணெய் தனியே பிரியும். ஆறியபின் தோலையும் பட்டையையும் நீக்கி, 400 கிராம் டின் பாலும், கால் லிட்டர் வெள்ளை ரம்மும், துருவிய சாதிக்காய் ஒரு சிட்டிகையும் சேர்த்துக் கலக்கிக் குளிர்பெட்டியில் வைப்பர். தேங்காய்க் கொழுப்பு ஏறத்தாழ 24 பாகை வெப்பத்துக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழி இரவில் 16 பாகை வரை இறங்கும் பெங்களூர்க் குளிரில், வெளியே வைத்தாலும் மேலே ஏடு கட்டும். ஆதலின் ஊற்றுமுன் புட்டியை நன்றாகக் குலுக்க வேண்டும். புதிதாகப் பிழிந்த பாலாதலால் இரண்டு மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுவது நலம்.

மது வேண்டாதோர் ரம்மை விலக்கிவிடலாம். விலக்கினால் எஞ்சுவது நமக்குப் புதிதன்று. ஆடி முதல் நாளில் தேங்காய்ப்பாலில் வெல்லமும் ஏலமும் சேர்த்துப் புது மருமகனுக்கு வழங்கும் ஆடிப்பாலுக்கு அது மிக நெருங்கிய உறவு. ஒரே தேங்காய், ஒரே கரும்பு. இங்கே ஆடியிலும் அங்கே மார்கழியிலும் விருந்தாகின்றன. இடையில் நின்றது கடலும் ஒப்பந்தச் சீட்டுமே.

அச்சீட்டின் கதை கரும்புக் கொல்லையோடு முடியவில்லை. குவாதலூப்பில் பிறந்து வளர்ந்தும், இந்திய வழியினர் பிரெஞ்சுக் குடிமக்களாக ஏற்கப்படவில்லை. அவர்கள் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்ப்பதை அரசு அதிகாரிகள் எதிர்த்தனர். அங்கேயே 1863இல் பிறந்த ஆன்றி சிதம்பரம் என்பவர் 1904இல் இதற்காக வழக்காடத் தொடங்கினார். வழக்கு ஓராண்டு ஈராண்டில் முடிந்ததன்று. பத்தொன்பது ஆண்டுகள் இழுத்தது. 1923இல் பிரெஞ்சு அரசு அவர்களின் குடியுரிமையை ஒப்புக்கொண்டது. சிதம்பரம் 1952 வரை வாழ்ந்தார்.

தாய்மண்ணை விட்டு வந்து வேற்று மாநிலத்தில் தொழில் செய்வோர்க்கு இவ்வரலாறு அயலார் கதையாகத் தோன்றாது. நம் நிலை அவர்கள் நிலையன்று. ஒரே நாட்டின் குடிமக்களாக, விரும்பி வந்து, வேண்டியபோது பேருந்து ஏறி ஊர் திரும்பும் உரிமையோடு நாம் வாழ்கிறோம். ஆயினும் சென்ற இடத்தில் உழைப்பை மட்டும் தந்து நில்லாது, அவ்வூர் வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிந்து, அவ்வூர் மொழியைக் கற்று, நம் குழம்பையும் அவர்கள் பந்தியில் வைக்க வேண்டும் என்பதை அவர்கள் வாழ்க்கை எடுத்துக்காட்டுகிறது. இந்த டிசம்பரில் ஹெப்பகோடியில் எவரேனும் கன்னட அண்டை வீட்டாரை அழைத்துத் தேங்காய்ப்பால் வழங்கினால், 1854இல் புவாந்த்-அ-பித்ர் துறையில் இறங்கிய அந்த முந்நூற்றுச் சொச்சம் பேரின் கதையையும் சேர்த்துச் சொல்வாராக.