கட்டிப்பால் வாடையைத் தேடிப் போன மரபணு

கெடாவின் பீடோங், சுங்கை பட்டாணி, பாடாங் செராய் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் கட்டிப்பால் வாடையைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. மங்கில் உறைந்து, மூட்டையில் புளித்து, லாரி போய் வெகுநேரம் ஆன பிறகும் சாலையை விட்டு நகராத வாடை அது. பாலில் ரப்பரோடு கலந்திருக்கும் புரதத்தையும் சர்க்கரையையும் பாக்டீரியாக்கள் தின்னத் தொடங்கியதும் அசெட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் என்று ஆவியாகும் அமிலங்கள் கிளம்பிவிடும். அவற்றுள் ஒன்றை மனித மூக்கின் ஏற்பி எப்படிப் பற்றிக்கொள்கிறது என்பதை விஞ்ஞானிகள் கண்ணால் கண்டது 2023-இல்தான். அதற்கும் ஒரு பாக்டீரியாதான் சுமைதூக்கியாக இருந்தது.

மணத்துக்கும் கெடாவுக்கும் உள்ள உறவு ரப்பருக்கு முந்தியது. இது நம் கடாரம். 1025-இல் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் வருவதற்கு முன்பே மெர்போக் ஆற்றங்கரைத் துறைகளில் வணிகர்கள் கூடினார்கள். மலாய்க் காட்டு அகிலும் சுமத்ராக் கற்பூரமும் மலாக்கா நீரிணை வழியாகத் தமிழகத்துக்கு வந்தன. வாசனையை விலை பேசி வாங்கப் பாய்மரம் ஏறி வந்தவர்கள் நாம்.

ரப்பர் வந்தது வேறு திசையிலிருந்து. 1876-இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தது சிறு பங்கு. மறு ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 கன்றுகளின் வம்சம் மலாயா முழுக்கப் பரவியது. 1909-இல் கெடா பிரிட்டிஷார் பிடிக்குள் வந்த பின் இங்கும் காடு தோட்டமாயிற்று. வெட்ட வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, உளியோடு நிரைக்குப் போய், வாடையை உடம்பில் சுமந்து லயத்துக்குத் திரும்பினார்கள்.

அந்தக் காலத்திலேயே இன்னொரு பயணம் தொடங்கிவிட்டது. 1922-இல் கலிபோர்னியாவில் தொண்டை அடைப்பான் நோயிலிருந்து தேறி வந்த ஒருவரின் மலத்திலிருந்து ஈ. கோலை பாக்டீரியாவை எடுத்து, கே-12 என்று பெயரிட்டு, ஸ்டான்ஃபோர்டில் மாணவர் பயிற்சிக்கு வைத்தார்கள். சோதனைக்கு எளிதாகக் கிடைத்ததால் 1940-களில் எட்வர்ட் டேட்டமும் ஜோஷுவா லெடர்பர்க்கும் அதையே எடுத்தாண்டார்கள். இன்று உலகமெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்களில் வளர்வது பெரும்பாலும் அதன் வாரிசுகளே. பாக்டீரியாவின் முதன்மை மரபுத் தொகுதிக்கு வெளியே, தன்னைத் தானே நகலெடுத்துக்கொள்ளும் டி.என்.ஏ.வுக்கு 1952-இல் லெடர்பர்க் ‘பிளாஸ்மிட்’ என்று பெயர் வைத்தார். பெரும்பாலும் அது ஒரு சிறு வளையம்.

1972-இல் ஹவாயில் ஒரு மாநாடு. பிளாஸ்மிட் தெரிந்த ஸ்டான்லி கோஹனும், டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டும் நொதி வைத்திருந்த ஹெர்பர்ட் போயரும் இரவுச் சிற்றுண்டி சாப்பிட்டபடி பேசி, வெட்டிய துண்டைப் பிளாஸ்மிட்டில் ஒட்டும் வேலைக்குத் திட்டம் போட்டார்கள். மறு ஆண்டே அது பலித்தது. விரைவில் தவளையின் மரபணுவும் பாக்டீரியாவுக்குள் குடியேறியது. ஸ்டான்ஃபோர்ட் இதற்குக் காப்புரிமை வாங்கி, நூற்றுக்கணக்கான நிறுவனங்களுக்கு உரிமம் விற்றது.

மூக்குக்கு முறை வந்தது 1991-இல். லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்சலும் எலியின் மூக்குத் திசுவில் முகர்வு ஏற்பிகளுக்கான பெரிய மரபணுக் குடும்பத்தைக் கண்டுபிடித்தார்கள். 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதரிடம் வேலை செய்பவை ஏறத்தாழ 400. அதற்குச் சற்று மேலானவை பழுதாகிக் கிடக்கின்றன. எல்லாம் பழைய மரபணுக்கள் தம்மைத் தாமே நகலெடுத்து, நகலுக்கு நகல் எடுத்து வந்த கூட்டம்.

இந்தக் கூட்டத்தில் ஒரு வசதி உண்டு. எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். மனித மரபணுக்களில் பெரும்பாலானவை துண்டு துண்டாக, நடுவே புரதத்துக்கு உதவாத இடைவெளிகளோடு எழுதப்பட்டிருக்கும். முகர்வு ஏற்பிகளிலோ புரதத்துக்கான பகுதி இடைவெளியே இல்லாமல், ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான எழுத்துகளில் ஒரே மூச்சாக ஓடுகிறது. அதனால் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தேய்த்து எடுத்த டி.என்.ஏ.விலிருந்தே அதை நேராக நகலெடுக்கலாம். அதற்கான பி.சி.ஆர். முறையில் உழைப்பது அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் 1960-களில் கிடைத்த பாக்டீரியாவின் நொதி. நகலின் இரு முனைகளையும் வெட்டி, பிளாஸ்மிட் வளையத்தில் ஒட்டி, 42 டிகிரிச் சூட்டில் ஒரு நிமிடம்கூட ஆகாத அதிர்ச்சி கொடுத்தால், சில பாக்டீரியாக்கள் அதை உள்வாங்கிக்கொள்ளும். ஆம்பிசிலின் கலந்த தட்டில் பிளாஸ்மிட் உள்ளவை மட்டும் பிழைக்கும். மறுநாள் காலை தட்டில் வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் கோடிக்கணக்கில் பிரதிகள்.

ஆனால் பாக்டீரியா மரபணுவைச் சுமக்கும். அதற்கு முகரத் தெரியாது. பாலூட்டிகளின் செல்லுக்கு மாற்றினாலும் ஏற்பி மேற்பரப்புக்கு வராமல் உள்ளேயே முடங்கியது. 2004-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஹிரோவாகி மட்சுனாமியின் குழு, ஏற்பியை வெளியே கொண்டுவரும் துணைப் புரதங்களைக் கண்டுபிடித்தது. ஏற்பிகளைத் தட்டில் வைத்துச் சோதிப்பது அதன் பிறகு வெகுவாகச் சுலபமாயிற்று.

2023-இல் ஆஷிஷ் மங்லிக்கின் குழு, மட்சுனாமி குழுவும் துணைநிற்க, ஓஆர்51ஈ2 என்ற மனித ஏற்பியை உறைநிலை மின்னணு நுண்ணோக்கியில் படம் பிடித்தது. ஒரு மனித முகர்வு ஏற்பியின் முதல் வடிவப் படம் அதுதான். மூக்கில் மட்டுமன்றிப் புரோஸ்டேட் சுரப்பியிலும் இருக்கும் ஏற்பி இது. படத்தில் அதன் குழிக்குள் உட்கார்ந்திருந்தது புரோப்பியோனேட். கட்டிப்பாலில் கிளம்பும் அதே புரோப்பியோனிக் அமிலத்தின் மறுவடிவம்.

நம் 400 ஏற்பிகளில் பெரும்பாலானவற்றுக்கு எந்த மணம் பொருந்தும் என்பது இன்னும் கண்டறியப்படவில்லை. கடாரத்துப் பழைய துறைகளுக்கு அருகே, செமிலிங்கில், ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் உயிரித்தொழில்நுட்பம் கற்பிக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளே, உங்கள் தாத்தா பாட்டி சுமந்த வாடையில் இன்னும் பல அமிலங்கள் இருக்கின்றன. அவற்றுக்குரிய ஏற்பிகளை நீங்கள் தேடுங்கள்.